கருவுறுதல்: அறிந்த வரலாறு

விந்தணுவும் முட்டையும் கலந்து ஒரே செல்லாவது கருவுறுதல். அவ்வாறு உருவாகும் கருமுட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்து உயிரின் வளர்ச்சியைத் தொடங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இந்த நிகழ்வு நுண்ணோக்கியின் கீழ்த் தெளிவானது 1875இல்தான்.

கோழி அடைகாத்த முட்டைகளை நாள்தோறும் உடைத்துப் பார்த்து, குஞ்சு உருவாகும் வரிசையை எழுதிவைத்தார் அரிஸ்டாட்டில். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, அரசர் முதலாம் சார்லசின் வேட்டைக்காட்டு மான்களை அறுத்துத் தேடினார். இணைசேர்ந்து பல நாளான பிறகும் கருப்பையில் ஒன்றும் தென்படவில்லை. இருந்தும், விலங்குகளெல்லாம் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று 1651இல் துணிந்து எழுதினார். 1677இல் லேவன்ஹுக் விந்தணுக்களைக் கண்டதும் தாயா தந்தையா என்ற வழக்கு மூண்டது. குழந்தை முழு உருவோடு முட்டைக்குள் இருக்கிறது என்றனர் ஒரு சாரார். இல்லை, விந்தணுவுக்குள் என்றனர் மறு சாரார். நூறாண்டுக்கு மேல் இது தீரவில்லை.

இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்குப் பட்டுத் துணியில் கால்சட்டை தைத்து மாட்டினார். முட்டைகள் கருவுறவில்லை. துணியில் தங்கிய விந்தைத் தடவியதும் கருவுற்றன. ஆனாலும் விந்தணுவே காரணம் என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1827இல் வான் பேயர் நாயின் சூலகத்தில் பாலூட்டியின் முட்டையைக் கண்டுபிடித்தார்.

முட்டையும் விந்தணுவும் எப்படிச் சேர்கின்றன என்பதன் விடை கடலிலிருந்து வந்தது. கடல் முள்ளெலி தன் முட்டைகளை நீரில் விடுகிறது. கருவுறுதலும் உடலுக்கு வெளியே நிகழ்கிறது. சிலவற்றின் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது. இவ்வுயிரைத் தேர்ந்ததிலேயே உயிரியலாளர் ஆஸ்கர் ஹெர்ட்விக்கின் வெற்றி பாதி அடங்கியிருந்தது. 1875இல் மத்தியதரைக் கடலோரத்தில் அவர் முட்டைக்குள் இரண்டு உட்கருக்களைக் கண்டார். ஒன்று முட்டையுடையது, மற்றது விந்தணுவிலிருந்து வந்தது. அவை நெருங்கி ஒன்றாயின. தாயா தந்தையா என்ற வழக்கு அங்கே முடிந்தது. சில ஆண்டுகளில் ஹெர்மான் ஃபோல், நட்சத்திர மீனின் முட்டைக்குள் விந்தணு நுழைவதையே நேரில் பார்த்தார். இருபாலும் சம எண்ணிக்கையில் குரோமோசோம்களைத் தருகின்றன என்று 1883இல் வான் பெனெடன் உருளைப்புழுவில் காட்டினார்.

அடுத்த கேள்வி, பிளந்த செல்கள் ஒவ்வொன்றும் தனியே முழு உயிராகுமா என்பது. 1888இல் வில்ஹெல்ம் ரூ தவளைக் கருவின் இரு செல்களில் ஒன்றைச் சுடுஊசியால் கொன்றார். பாதிக் கருவே வளர்ந்தது. 1891இல் ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் இரு செல்களைக் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றும் சிறியதாயினும் முழு இளவுயிரி ஆனது. ரூவின் சோதனையில் செத்த செல் ஒட்டியே இருந்தது. முடிவு மாறியதற்கு அதுவே காரணம்.

விந்தணு முட்டையை எப்படி அடையாளம் காண்கிறது என்பது அண்மையில்தான் துலங்கியது. பாலூட்டிகளின் விந்தணுவில் இசுமோ என்ற புரதம் 2005இல் கண்டறியப்பட்டது. அது பற்றிக்கொள்ளும் ஜூனோ என்ற முட்டைப் புரதம் 2014இல் தெரியவந்தது. முதல் விந்தணு இணைந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் ஜூனோ முட்டையின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. அடுத்து வரும் விந்தணுக்களுக்குப் பற்ற இடமில்லை.