தோற்றால் நிலமும் போச்சு!

அமெரிக்கக் கால்பந்து நம்மூர் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்தபடி ஓடும் ஆட்டம் அது. அங்கே பல்கலைக்கழக அணிகளுக்குத்தான் ஊர் ஊராக வெறித்தனமான ரசிகர்கள். அவர்கள் 2010களில் இணையத்தில் ஒரு விநோத வரைபடத்தைப் பிரபலமாக்கினார்கள்.

அமெரிக்காவில் 3,100க்கு மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன (நம் மாவட்டங்களைப் போல). ஒவ்வொன்றும் அதற்கு மிக அருகிலுள்ள பல்கலைக்கழக அணிக்குச் சொந்தம். பிறகு ஒரே விதிதான். தோற்ற அணியின் கையில் அன்று இருக்கும் நிலம் முழுவதும் ஜெயித்த அணிக்கு! ஒரு கம்பெனியை வாங்கினால் அது முன்பு வாங்கிய கம்பெனிகளும் சேர்ந்து வருமே, அது போலத்தான்.

இந்த விதியைப் பழைய 2007 சீசனுக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை புரியும். செப்டம்பர் 15 அன்று தெற்கு கலிபோர்னியா அணி 49-31 என்று நெப்ராஸ்காவை வென்றது. நெப்ராஸ்காவின் நிலம் கைமாறியது. அக்டோபர் 6 அன்று, தரவரிசையில் 2ஆம் இடத்தில் இருந்த அதே தெற்கு கலிபோர்னியாவை எதிர்த்து ஸ்டான்ஃபோர்டு ஆடியது. ஏற்கெனவே மூன்று ஆட்டங்களில் தோற்று, சொந்த நிலத்தையே இழந்த அணி அது. 41 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்கும் என்பதே பந்தயக்காரர்களின் கணிப்பு. ஆனால் 49 விநாடிகள் மிச்சமிருக்கையில் முன்னிலை பெற்று 24-23 என்று ஜெயித்தது! சொந்த மைதானத்தில் தொடர்ந்து 35 ஆட்டங்களை வென்றிருந்த அணியிடம் அன்றிரவு வரைபடத்தில் ஒரு பிடி மண்கூட மிஞ்சியிருக்காது.

புதிய பேரரசு ஒரே வாரம்தான். அக்டோபர் 13 அன்று டெக்சாஸ் கிறிஸ்டியன் அணி 38-36 என்று ஸ்டான்ஃபோர்டை வீழ்த்தியது. மொத்த நிலமும் அங்கே போய்விட்டது.

சீசன் முடிவில் என்ன ஆனது? தெற்கு கலிபோர்னியா 11 வெற்றிகளுடன் தேசிய அளவில் 3ஆம் இடம். ஸ்டான்ஃபோர்டுக்கு 4 வெற்றிகள், 8 தோல்விகள். புள்ளிப்பட்டியல் சீசன் முழுவதையும் கூட்டிப் பார்க்கிறது. வரைபடமோ கடைசிப் போரை மட்டுமே பார்க்கிறது. வரலாற்றுப் புத்தகங்களில் உள்ள பேரரசு வரைபடங்களும் அப்படித்தான். யார் ஜெயித்தார் என்று வண்ணம் சொல்லும். அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் யார் பக்கம் இருந்தார்கள் என்று சொல்லாது.

நெப்ராஸ்காவையே பாருங்கள். வரைபடக் கணக்கில் ஒரே மாதத்தில் மூன்று எஜமானர்கள். அந்த ஆண்டு அணியும் 5 வெற்றி, 7 தோல்வி என்று சரிந்தது. ஆனாலும் லிங்கன் நகர மைதானத்தில் 1962 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்து வந்த வழக்கம் 2007லும் அறுபடவில்லை. நிலம் கைமாறினாலும் ரசிகர்கள் சிவப்புச் சட்டையைக் கழற்றவில்லை!