ஆம்ப் மீட்டர் முள்ளும் ரெண்டு ஃபாக் லைட்டும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வேற காரணம் ஒண்ணும் இல்லை. இதை மட்டும் எழுதியே தீரணும்னு ஒரு ராத்திரிக்கு அப்புறம் முடிவு பண்ணினேன். பைக்ல எக்ஸ்ட்ரா லைட், பெரிய ஹார்ன், மொபைல் சார்ஜர்னு மாட்டி வெச்சிருக்கற மக்கள் கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சுடுங்க. பாதி சுயபுராணம், பாதி வரலாறு.

படப்பையில சித்தி வீட்டுக்குப் போயிட்டு அம்மாவும் நானும் தாம்பரம் திரும்பிட்டிருந்தோம். ராத்திரி பத்து மணி, லேசான தூறல். வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு எப்படின்னு அந்தப் பக்கம் போறவங்களுக்குத் தெரியும். ஒரகடத்துல இருந்து வர்ற கண்டெய்னர் லாரிங்க ராத்திரியிலதான் முழு வேகத்துல போகும். மண்ணிவாக்கம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பொசுக்குன்னு எல்லாம் அணைஞ்சு போச்சு. ஹெட்லைட், மீட்டர், டெயில் லைட், இன்ஜின் எல்லாமே. ஹார்ன் அடிச்சுப் பாத்தா அதுவும் இல்லை. பின்னாடி வந்த லாரிக்காரர் எங்களை எப்படித்தான் பாத்தாரோ, கடைசி நிமிஷத்துல ஒடிச்சு ஒதுங்கிப் போனார். அந்தக் காத்துலயே வண்டி ஆடுச்சு.

அம்மா கத்தல. "ஓரமா விடுடா"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் நான் வண்டியைத் தள்ள, அவங்க மொபைல் டார்ச்சை பின்பக்கமா திருப்பிப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்தாங்க. என் வண்டிக்கு டெயில் லைட்டா எங்கம்மா. பெட்ரோல் பங்க் வரைக்கும் அப்படித்தான். அப்பா வந்து கூட்டிட்டுப் போனார். எதுல வந்தார்னா, என்னை விட வயசான அவரோட புல்லட்ல.

மறுநாள் மேற்கு தாம்பரத்துல அப்பாவோட பழக்கமான ஆட்டோ எலெக்ட்ரீசியன்கிட்ட வண்டியைத் தள்ளிட்டுப் போனேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும். டேங்கைக் கழட்டி, டேப்பைப் பிரிச்சுப் பாத்தார். விஷயம் இதுதான். சில மாசம் முன்னாடி ஒரு கடையில ரெண்டு ஃபாக் லைட் மாட்டியிருந்தேன். அந்தக் கடையில லைட்டுக்கான கரண்ட்டை பேட்டரியில இருந்து தனியா எடுக்கல. சாவி போட்டா கரண்ட் வர்ற இக்னிஷன் வயரைச் சுரண்டி, அதுல முறுக்கி, டேப் சுத்தி விட்டிருக்காங்க. தனி பியூஸ் கிடையாது. வயரோ, பூ கட்டற நார் மாதிரி இருந்துச்சு. ஹேண்டில்பார் திரும்பத் திரும்ப கழுத்துல உரசி, மேல் உறை தேஞ்சு, மழைத்தண்ணியில ஃபிரேமைத் தொட்டு ஷார்ட் ஆயிடுச்சு. மெயின் பியூஸ் போச்சு. ஃபியூயல் பம்ப், ஈசியூ எல்லாம் அந்த ஒரே பியூஸை நம்பித்தான் இருந்துச்சு.

"என்னப்பா படிச்சிருக்க?"ன்னு கேட்டார். "பி.இ., ஈ.ஈ.ஈ.ங்க, இப்ப சாப்ட்வேர்ல இருக்கேன்"னேன். சிரிக்கல, அதுவரைக்கும் நிம்மதி. ஆனா ஒண்ணு சொன்னார்: "மேக்னட் வண்டியில இந்த வேலை பண்ணியிருந்தா லைட்டுதான் தம்பி போயிருக்கும். வண்டி வீடு வந்து சேந்திருக்கும்."

அன்னைக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல. அவர் சொன்னது நெஜமான்னு தேட ஆரம்பிச்சேன். நெஜம்தான். அதுக்குப் பின்னாடி நூறு வருஷக் கதை இருக்கு.

முதல்ல, மோட்டார் சைக்கிளுக்கு லைட்டே ஒரு அக்சசரிதான். இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல வண்டி வாங்கினா லைட் கூட வராது. கார்பைடு கல்லுல தண்ணி சொட்டி எரியற அசிட்டிலின் விளக்கைத் தனியா வாங்கி மாட்டிக்கணும். இன்ஜினுக்குப் பொறி குடுக்கறது மேக்னெட்டோ. அது தானே சுத்தி தானே கரண்ட் உண்டாக்கிக்கும், பேட்டரியே தேவையில்லை. 1920கள்ல பர்மிங்காமோட லூகாஸ் கம்பெனி ஒரு மேக்னெட்டோ மேல ஒரு டைனமோவை உக்கார வெச்சு 'மேக்டைனோ'ன்னு வித்தது. பொறிக்கு மேக்னெட்டோ, லைட்டுக்கும் பேட்டரிக்கும் டைனமோ. ஒரே வீடு, ரெண்டு அடுப்பு. லைட் வயரிங் மொத்தமா எரிஞ்சு போனாலும் இன்ஜின் பாட்டுக்கு ஓடும். அப்பவும் பல வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் லைட் செட்டுக்குத் தனிக் காசுதான்.

இந்த லூகாஸ் ஆரம்பத்துல சைக்கிள் விளக்கு வித்தவங்க. விளக்கோட பேர் 'கிங் ஆஃப் தி ரோடு', சாலைக்கு ராஜா. பின்னாடி பிரிட்டிஷ் வண்டி வெச்சிருந்தவங்க நடுராத்திரியில நின்னு நின்னு நொந்து போய் அந்தக் கம்பெனிக்கே 'இருட்டுக்கு இளவரசன்'னு பட்டம் குடுத்துட்டாங்க. ராஜாவா இருந்து இளவரசனா இறங்கின ஒரே ஆள் :)

இந்தக் கதை நம்ம ஊருக்கு வர்றது 1950கள்ல. இந்திய ராணுவம் 350 சிசி புல்லட் 800 வண்டி கேக்க, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தோட ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபேக்டரி. 1961ல லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ். அது பாடியில. வடசென்னையில ஒரு பக்கம் வண்டி, கொஞ்ச தூரத்துல வண்டிகளுக்கு வேண்டிய எலெக்ட்ரிக்கல் சாமான். பாடிக்குப் போற பஸ்ஸுல ஏறினவங்களுக்கெல்லாம் அந்த ஸ்டாப்பிங் பேர் தெரியும்.

புல்லட்ல காலப்போக்குல மேக்டைனோ போய், ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் காயிலும் பிளாட்டினம் பாயிண்ட்டும் வந்துச்சு. அதாவது ரெண்டு அடுப்பு ஒரு அடுப்பாச்சு. லைட்டும் பொறியும் ஒரே பேட்டரியில. இங்கதான் எனக்கு ஒரு சின்ன ஆச்சரியம். அப்பா புல்லட்டோட ஹெட்லைட் தலையில ஸ்பீடோமீட்டர் பக்கத்துல ஒரு குட்டி டயல் இருக்கும். நடுவுல பூஜ்ஜியம், ஒரு பக்கம் மைனஸ், ஒரு பக்கம் பிளஸ். சின்ன வயசுல டேங்க் மேல உக்காந்து போகும்போது அது எதுக்குன்னே தெரியாம பாத்துட்டு வருவேன். அதுதான் ஆம்ப் மீட்டர். சிக்னல்ல லைட் போட்டு நின்னா முள் மைனஸ் பக்கம் சாயும்: பேட்டரியில இருந்து செலவாகுதுன்னு அர்த்தம். ஆக்சிலேட்டர் முறுக்கினா பிளஸ் பக்கம் வரும்: வரவு. லைட், பொறி எல்லாத்துக்கும் ஒரே கணக்குன்னு ஆனப்போ, கூடவே ஒரு பாஸ்புக்கும் குடுத்திருந்தாங்க. அப்பா ஒரு எக்ஸ்ட்ரா பல்பு மாட்டினாலும் முதல்ல முள்ளைத்தான் பாப்பார்.

உடனே 'அந்தக் காலம் பொற்காலம்'னு ஆரம்பிக்காதீங்க. வண்டியோட பெரும்பாலான கரண்ட் அந்த மீட்டர் வழியாத்தான் போகும். அதோட டெர்மினல் லூஸானா மொத்த வண்டியும் படுத்துடும். அந்தத் தொல்லைக்கே மீட்டரை பைபாஸ் பண்ணி வெச்சவங்க நெறைய பேர்.

அப்புறம் 80கள். 1984ல ஓசூர்ல இருந்து இண்ட்-சுசுகி, 1985ல ஹீரோ ஹோண்டா சிடி100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ்100. ஆர்எக்ஸ் மாதிரி வண்டிகள்ல பாயிண்ட் போய் சிடிஐ வந்துச்சு. மேக்னட்டுக்குள்ள பொறிக்குன்னு தனிக் காயில், ஹெட்லைட்டுக்கு தனிக் காயில். பேட்டரி ஹார்னுக்கும் இண்டிகேட்டருக்கும்தான். நிக்கும்போது ஹெட்லைட் மங்கி, முறுக்கினா பளிச்னு எரியுமே, அது இதனாலதான். லைட் நேரா மேக்னட்ல இருந்து ஏசி கரண்ட்ல எரியும். பேட்டரியைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டே உதைச்சு ஸ்டார்ட் பண்ணலாம். மறுபடியும் தனித்தனி அடுப்பு. எலெக்ட்ரீசியன் சொன்ன மேக்னட் வண்டி இதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் கலர் கலரா வாங்கி, பல்லால வயரைக் கடிச்சு மாட்டின ஒரு தலைமுறை தப்பிச்சதும் இந்த அமைப்பாலதான். தப்பு பண்ணினா ஹார்ன் போகும். உயிர் போகாது.

2001ல பல்சர் வந்தப்புறம் செல்ஃப் ஸ்டார்ட்ங்கறது இளவட்டங்களுக்கு சகஜமாச்சு. 2007ல பல்சர் 220, 2008ல அப்பாச்சி, 2009ல கிளாசிக் 500னு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஒண்ணொண்ணா எட்டிப் பாத்துச்சு. 2017 ஏப்ரல் 1ல இருந்து புது வண்டிக்கெல்லாம் ஹெட்லைட் எப்பவும் எரியணும்னு சட்டம், ஆஃப் பண்ற சுவிட்சே போச்சு. 2020 ஏப்ரல் 1ல பிஎஸ்6. கார்புரேட்டர் பெரும்பாலும் வீட்டுக்குப் போயிடுச்சு. இப்ப பெட்ரோல் இன்ஜினுக்குள்ள போகணும்னாலே ஃபியூயல் பம்ப்புக்கு கரண்ட் வேணும். பொறி, பெட்ரோல், லைட், ஏபிஎஸ் எல்லாம் ஒரே உலை. ஆனா அந்தப் பழைய பாஸ்புக் இல்லை. முள் இருந்த இடத்துல எரிபொருள் லைட்டோ, நாவிகேஷனோ இருக்கு.

இதுதான் நான் சொல்ல வந்தது. வண்டி மாறிடுச்சு, வயர் முறுக்கற கை மாறல. அப்பா காலத்துல ரோட்டோரக் கடையில செஞ்சதையேதான் என் வண்டிக்கும் செஞ்சாங்க. கடையை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எத்தனை ஆம்பியர் இழுக்கும்னு அங்கேயே நின்னு நானும் கேக்கல. நாலு வருஷம் ஓம் விதி படிச்சவன்.

இனிமே இன்னும் கஷ்டம். 1986ல பாஷ் கம்பெனி கேன் பஸ்னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. முறுக்கின ரெண்டு வயர்ல எல்லா கன்ட்ரோலரும் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பிக்கும். 2004ல பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ்ல அது வந்தப்போ, அளவுக்கு மேல கரண்ட் இழுக்கற லைனை வண்டியே அணைச்சுடும். நம்ம பாஷையில சொன்னா, குளோபல் வேரியபிள்ல ஆளாளுக்கு கை வெச்ச காலம் போய் ஏபிஐ வந்துடுச்சு. அதுல போய் வயரைச் சுரண்டறது, ஓடிட்டிருக்கற ப்ரொடக்‌ஷன் சர்வர்ல நேரா கை வைக்கறதுதான்.

கம்பெனிக்காரங்களும் சும்மா இல்லை. 2013ல ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துல ஃபேக்டரி ஆரம்பிச்சுது. திருவொற்றியூர்ல பிறந்த வண்டி எங்க தாம்பரத்துப் பக்கம் வந்தாச்சு. 2020ல வந்த மீட்டியார் 350ல யுஎஸ்பி சாக்கெட், வழி காட்டற டயல் ரெண்டும் ஃபேக்டரியிலயே மாட்டி வந்துச்சு. அசிட்டிலின் விளக்கு, இண்டிகேட்டர், செல்ஃப்னு எல்லா அக்சசரியும் இப்படித்தான் ஒரு நாள் வண்டிக்குள்ள குடித்தனம் வந்திருக்கு. நடுவுல இருக்கற வருஷங்கள்லதான் நம்மள மாதிரி ஆளுங்க ரோட்டுல நிக்கறோம்.

சரி, என் வண்டியை என்ன பண்ணினோம்? முதல்ல பேப்பர், பேனா. 20 வாட் எல்இடி ரெண்டு, 40 வாட். 12 வோல்ட்ல வகுத்தா மூணே சொச்சம் ஆம்பியர். மொபைல் சார்ஜர் ஒரு ஆம்பியர். அப்புறம் பேட்டரி பிளஸ்ல இருந்து நேரா ஒரு தடிமனான வயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே தனி பியூஸ், அதுக்கப்புறம் ரிலே. ரிலேல 30, 85, 86, 87ன்னு நம்பர் போட்டிருக்கும், பயப்படாதீங்க. அது ஜெர்மன்காரங்க வெச்ச தர எண். 30ல பேட்டரி, 87ல லைட்டு, மத்த ரெண்டும் ரிலேவை இழுக்கற காயிலுக்கு. இக்னிஷன் வயர்ல இருந்து அந்தக் காயிலுக்கு மட்டும் துளியூண்டு கரண்ட். ஈசியூ, சென்சார் பக்கம் கையே வைக்கல. இனி லைட்ல ஷார்ட் ஆனா அந்தக் குட்டி பியூஸ் போகும், லைட் மட்டும் அணையும். நம்ம கையாலயே தனி அடுப்பு வெச்சாச்சு.

வேலை முடிஞ்சப்போ பெரியவர் டிராயர்ல இருந்து ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டரை எடுத்து ஹேண்டில்ல மாட்டினார். "புல்லட்ல முள்ளு, உனக்கு நம்பர்"னார். நின்னா 12.6 பக்கம், ஓடினா 14ஐ ஒட்டி இருக்கணும். ஓடும்போதும் 13க்குக் கீழ இறங்கிட்டே போனா செலவு அதிகம், எதையாவது அணைன்னு அர்த்தம். லேபர் எவ்ளோன்னு கேட்டேன். வாங்கிக்கிட்டார். ஆனா மீட்டருக்கு மட்டும் காசு வேணாம்னுட்டார்.

போன வாரம் மறுபடி படப்பை. அதே ரோடு, அதே நேரம். மண்ணிவாக்கம் தாண்டற வரைக்கும் அம்மா என் தோளைப் பிடிச்ச கை இறுகித்தான் இருந்துச்சு. முடிச்சூர் வந்தப்புறம் எட்டிப் பாத்து கேட்டாங்க:

"ஏண்டா, மணி பத்தரை ஆகுது. உன் கடிகாரம் 14.1ன்னு காட்டுது?"

"அது மணி இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

உங்க வண்டியில அந்த ஃபாக் லைட் வயர் எங்க இருந்து வருதுன்னு இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை டேங்கைத் தூக்கிப் பாத்துடுங்க மக்களே. பாத்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. வர்ட்டா?