வரியும் வைத்தியமும்

யாரிடம் வரி வாங்குவது, யாருக்குச் செலவிடுவது என்னும் கணக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும். அக்கணக்கைத் தட்டிக் கேட்டவர்களில் நம் பாட்டாளிகளும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டுமென 1895இல் சட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளமோ மாதம் 10 ஷில்லிங். ஆறு மாத உழைப்பு வரிக்கே போகும்! 1913இல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. சிறையில் காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் துறந்தார். அவ்வாண்டே அவ்வரி ஒழிந்தது.

மலாயாவில் வரி முதலாளிமீது விழுந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டங்களிடம் வசூலித்த தமிழர் குடியேற்ற நிதி, முதன்மையாக ஆள் கொண்டுவரும் செலவுக்கே போயிற்று. 1941இல் கிள்ளான் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு முறையான வைத்தியமும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐவரேனும் மாண்டனர்.

பிரிட்டனிலோ 1948 முதல் வரிப்பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம் கிடைத்தது.

இன்று ஆயர் தாவார்க்காரர் ஸ்ரீ மஞ்சோங் அரசு மருத்துவமனைக்குப் போனால், குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி. மீதியை வரிப்பணம் ஈடுகட்டுகிறது. கடையில் சாமான் வாங்கும் நம் காசும் அதில் உண்டு; ஆகவே அது தருமமன்று. ஆனால் குடியுரிமை இல்லாதவருக்குக் கட்டணம் அதிகம். பிள்ளைகளின் பிறப்பைக் காலத்தில் பதிந்துவிடுங்கள்.