பச்சைப் பலகையும் எம்.பி.டி. ரோடும்

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். ஒருநாள் மாப்பிள்ளை காரில் ஊருக்குள் கூட்டிப் போனார். அங்கே இன்டர்ஸ்டேட் எனப்படும் பெரிய சாலைகளின் எண்ணை நீலமும் சிவப்புமான கேடய வடிவப் பலகையில் எழுதியிருப்பார்கள். நாங்கள் போன சாலையில் அதே கேடயம் பச்சை நிறத்தில் இருந்தது. நடுவில் 80 என்ற எண், மேலே 'பிசினஸ்' என்ற சொல்.

"இது பழைய 80 மாமா. இப்போ 80 ஊருக்கு வடக்கே பைபாஸ்ல போகுது. ஊருக்குள்ள வியாபாரத்துக்கு வர்றவங்க வழி தெரிஞ்சு திரும்பணும்னு இந்த போர்டு" என்றார் மாப்பிள்ளை.

பூகோளம் நடத்திய வாத்தியார் நான், அதோடு விடுவேனா? படித்துப் பார்த்தேன். முதலில் 80 என்ற எண் ஊர் நடுவே போன சாலைக்குத்தான் இருந்தது. வடக்கே போட்ட பைபாஸுக்கு அப்போது 880 என்று பெயர். ஊருக்குள் போன சாலையின் ஒரு பகுதி இன்டர்ஸ்டேட் தரத்துக்கு இல்லை என்று, பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட வேலை தொடங்கினார்கள். 1979-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்தப் பணத்தையும் அரைகுறையாக நின்ற பாலங்களையும் வைத்து 1987-ல் ரயிலே விட்டுவிட்டார்கள்! நடுவே, 1980-களின் தொடக்கத்தில், 80 என்ற எண் பைபாஸுக்குப் போனது. பழைய சாலைக்கு 'பிசினஸ் 80' என்று பச்சைப் பலகை கிடைத்தது. பின்னர் 'கேபிடல் சிட்டி ஃப்ரீவே' என்றும் பெயர் வைத்தார்கள். அதன் ஒரு பகுதிக்கு மாநில அரசின் ஏட்டில் 51 என்று இன்னொரு எண்ணும் உண்டு. அந்த எண்ணைப் பலகையில் எழுதுவதில்லை. ஒரே சாலைக்கு மூன்று அடையாளம்.

இதைப் படித்ததும் எனக்கு வாலாஜா ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் கணக்கு எழுதியவர். மாதம் இரண்டு தடவையாவது சேலை மூட்டையோடு மதராஸ் பஸ் ஏறுவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். ஆரணியிலிருந்து திமிரி வழியாக ஆற்காடு வரை மாநில நெடுஞ்சாலை, எண் 4. ஆற்காடு, செஞ்சி வழியாக விழுப்புரம் போகும் சாலை அது. ஆற்காட்டில் ஏறும் கிருஷ்ணகிரி - ராணிப்பேட்டை சாலைக்குத் தேசிய எண் 46. ராணிப்பேட்டையில் மறுபடியும் 4, ஆனால் இது தேசிய நெடுஞ்சாலை. மாநிலச் சாலையின் கல்லுக்குத் தலையில் பச்சை, தேசியச் சாலையின் கல்லுக்கு மஞ்சள். கல்லைப் பார்த்து எந்தச் சாலையில் போகிறோம் என்று சொல்ல அப்பாதான் கற்றுக்கொடுத்தார்.

வாலாஜாவில் பஸ் நிற்கும். சாலையோரத்தில் ஒரு இட்லிக் கடை. அப்பா மூட்டையை விட்டு இறங்க மாட்டார். கடைக்காரரே பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுப்பார்.

பிறகு தங்க நாற்கரத் திட்டத்தில் நான்கு வழிச்சாலை வந்தது. தொலைதூர வண்டிகள் ஊருக்கு வெளியே போயின. நேரம் மிச்சம், ஊருக்குள் விபத்தும் குறைவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இட்லிக் கடை இரண்டு வருடம் தாங்கவில்லை. வெளியே போகிறவனுக்கு உள்ளே ஒரு ஊரும் கடைத்தெருவும் இருக்கின்றன என்று சொல்ல எந்த நிறத்திலும் பலகை இல்லை.

2010-ல் தேசிய எண்களே மாறின. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை என்று ஒழுங்கு செய்தார்கள். 46-ம், ராணிப்பேட்டையிலிருந்து சென்னை வரையிலான 4-ம் சேர்ந்து, டெல்லியிலிருந்து வரும் 48-ல் அடங்கிவிட்டன. ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர் போகும் பழைய 4 இப்போது 40.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எண் யாருடையதோ, பழுது பார்க்கும் பொறுப்பும் அவருடையது. இன்னொன்றும் உண்டு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே பல மாநிலங்கள் ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைகளை 'இது இனி உள்ளூர்ச் சாலை' என்று மாற்றத் தொடங்கின. நம் மாநிலத்தில் எடுத்த முயற்சி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாலை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் வகை மட்டும் மாறினால் கடை திறக்கும், மூடும். இட்லிக் கடைக்காரருக்காக யாரும் இவ்வளவு மெனக்கெடவில்லை.

ஆனால் ஒரு ஆறுதல். இன்றைக்கும் வாலாஜாவிலும் ராணிப்பேட்டையிலும் கடைப் பலகைகளைப் பாருங்கள். முகவரியில் 'எம்.பி.டி. ரோடு' என்று இருக்கும். மெட்ராஸ் - பெங்களூர் டிரங்க் ரோடு. மெட்ராஸ் சென்னையாகிவிட்டது, பெங்களூர் பெங்களூருவாகிவிட்டது, வண்டிகள் பைபாஸுக்குப் போய்விட்டன. ஆனாலும் ஜனங்கள் அந்தப் பெயரை விடவில்லை. அரசாங்கம் எழுதாத பிசினஸ் பலகையைக் கடைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டு எடுக்க நம் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சாலையை ஊருக்கு வெளியே திருப்பும் பேச்சு எங்கே வந்தாலும், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். திரும்பும் இடத்தில் ஊர்ப் பெயரோடு 'பட்டுக் கடைத்தெருவுக்கு வழி' என்று ஒரு பலகை வைப்பீர்களா? பச்சையோ மஞ்சளோ, எந்த நிறமானாலும் சரி.