பிணை நிற்பவர் யார்?

இலங்கையின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் 1906ஆம் ஆண்டில் கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பகுதியில் தோன்றியது. 1911இல் அதற்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஈடு வைக்கக் காணியோ நகையோ இல்லாதவருக்கு அயலவரே பிணை நின்றனர். கம்பளையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் சீட்டுப் பிடிக்கும் பெண்களை இணைத்து வைத்திருப்பதும் அந்த நம்பிக்கையே. பங்களாதேசில் முகம்மது யூனுஸ் 1976இல் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமின் வங்கியானது. ஐவர் கொண்ட குழுக்களுக்குக் கடன் வழங்கிய அவ்வங்கியும் அயலவரின் உறவையே அடித்தளமாகக் கொண்டது.

ஒருவர் வீட்டு நிலைமையை மற்றவர் அறிந்திருந்தால்தான் இம்முறை நடக்கும். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர் இடறி விழுவதும் இங்கேதான். உண்மையைச் சொன்னால் பிணை நிற்க ஆளில்லை. மறைத்தால் என்றேனும் வெளிப்படுமோ என்ற அச்சம் நீங்குவதில்லை. ஆளை ஆள் அறிந்த கம்பளை போன்ற சிறு நகரில் அந்த அச்சம் இரட்டிப்பாகும்.

இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், விபத்தின்பின் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்குள்ளான குழந்தை நல மருத்துவர் கமலிகா அபேரத்ன, அதைப் பகிரங்கமாகக் கூறி ஏனையோருக்காகவும் குரல் கொடுத்தார். 2004இன் இறுதியில் அரசு இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியது. மருந்து உயிரைக் காத்தது. ஊரின் பார்வை அவ்வளவு எளிதில் மாறவில்லை. 2016இல், தொற்றே இல்லாத சிறுவன் ஒருவன், வெறும் வதந்தியினால் வடமேல் மாகாணத்தில் பாடசாலைக் கல்வியை இழந்து நின்றான். அவனுக்கு இடமளிக்க முன்வந்தது கண்டி திரித்துவக் கல்லூரி.

இந்நிலையில் பிணை நிற்பவர் யார்? சென்னையில் 1998ஆம் ஆண்டில் பி. கௌசல்யாவும் அவருடைய தோழியரும் தொற்றுடன் வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கினர். தம் நிலையை ஒருவருக்கொருவர் ஒளிக்க வேண்டியிராத கூட்டம் அது. மருந்தை வேளை தவறாது உட்கொள்ளவும், கணவனை இழந்தபின் சொத்துரிமை கோரவும் துணை கிடைத்தது. ஊர் தர மறுத்த உறவை அவர்கள் தாமே தேடிக்கொண்டனர்.

தாய்லாந்தில் மெச்சாய் வீரவைத்யாவின் நிறுவனம் இன்னுமொரு படி சென்றது. தொற்றுள்ள ஒருவரும் தொற்றில்லாத ஒருவரும் இணைந்து விண்ணப்பித்தால்தான் கடன் கிடைத்தது. தொழிலும் இருவருடையது, திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் இருவருடையது. அவர்கள் அருகருகே உழைப்பதைக் கண்ட அயலவரின் அச்சமும் தணியலாயிற்று. இம்முயற்சியைச் சிறந்த முன்மாதிரியென ஐ.நா.வின் எயிட்ஸ் ஒழிப்பு அமைப்பு 2007இல் பதிவு செய்தது.

ஆயினும் கடன் என்பது இருபுறமும் கூரான கத்தி. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் இலங்கை அரசு அறிவிக்க நேர்ந்தது. கடுமையான வட்டியும், வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளரும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளியிருந்தனர். நோயை மறைத்து வாழும் பெண்ணொருத்தியின் வாசலில் அவ்வாறு ஒருவர் வந்து நின்றால், அவள் அஞ்சுவது தவணைக்கு மட்டுமன்று.

ஆகவே துணை முதலில் அமைய வேண்டும். பணம் அதன் பின்னர் வரட்டும். தும்பறை விவசாயிகள் நூறாண்டுக்கு முன்னர் கைக்கொண்ட வழியும் அதுவே. அந்த வட்டத்துக்குள், இதுகாறும் நாம் வெளியே நிறுத்தி வைத்தவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.