அறிதுயில் மூலம் புகைப்பழக்கத்தைக் கைவிடல்

அறிதுயில் மூலம் புகைப்பழக்கத்தைக் கைவிடல் என்பது, ஒருவரை அறிதுயில் நிலைக்கு இட்டுச் சென்று, அந்நிலையில் அளிக்கப்படும் கருத்தேற்றங்களின் துணையுடன் சிகரெட், பீடி, சுருட்டு முதலியவற்றைப் புகைக்கும் பழக்கத்தை நிறுத்த முயலும் ஓர் உளவியல் சிகிச்சை முறையாகும். அறிதுயில் என்பது ஹிப்னாடிசம், மனோவசியம் ஆகிய பெயர்களாலும் அறியப்படுகின்றது. இம்முறை பல நாடுகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகின்றது. எனினும் பிற ஆலோசனை முறைகளைக் காட்டிலும் இது கூடுதல் பயன் தரும் என்பதற்கு இதுவரை உறுதியான அறிவியல் சான்று கிடைக்கவில்லை.

பின்னணி

புகையிலையில் உள்ள நிக்கோட்டின் புகையுடன் நுரையீரலை அடைந்து, அங்கிருந்து குருதி வழியாகச் சில நொடிகளில் மூளையைச் சென்றடைகின்றது. மூளையில் டோப்பமைன் என்னும் வேதிப்பொருள் சுரப்பதை அது தூண்டுகின்றது. நாளடைவில் மூளை நிக்கோட்டினுக்குப் பழகிவிடுவதால், அது கிடைக்காதபோது எரிச்சல், பதற்றம், தூக்கக் குறைவு, கவனச் சிதறல், மிகுபசி போன்ற விலகல் அறிகுறிகள் தோன்றுகின்றன. இவை நிறுத்திய முதல் சில நாட்களில் கடுமையாக இருந்து, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன.

உடல் சார்ந்த இப்பிணைப்புடன் பழக்கம் சார்ந்த பிணைப்பும் உண்டு. தேநீர் அருந்துதல், உணவு முடித்தல், இரவுப்பணியின் இடைவேளை, நண்பர்களின் சந்திப்பு முதலியவை ஒருவரின் மனதில் புகைத்தலுடன் இணைந்துவிடுகின்றன. அறிதுயில் சிகிச்சை முதன்மையாக இரண்டாவது வகைப் பிணைப்பைத் தளர்த்தவே முயல்கின்றது. விலகல் அறிகுறிகளைத் தணிக்கும் மருந்து எதுவும் இதில் இல்லை.

எவ்வித உதவியும் இன்றித் தாமாகவே நிறுத்த முயல்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 பேர் மட்டுமே ஆறு மாதம் அல்லது ஓராண்டு வரை புகைக்காமல் இருக்கின்றனர். பலர் முதல் வாரத்திலேயே மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடுகின்றனர். எனவே எந்த முறையின் பயனையும் மதிப்பிடும்போது, குறைந்தது ஆறு மாதங்களுக்குப் பின்னர் உள்ள நிலையே கணக்கில் கொள்ளப்படுகின்றது.

அறிதுயில் நிலை

அறிதுயில் என்பது உறக்கம் அன்று. கவனம் ஒன்றன்மேல் குவிந்து, சுற்றுப்புற உணர்வு குறைந்து, கூறப்படும் கருத்துகளை எளிதில் ஏற்கும் நிலையாக இது விளக்கப்படுகின்றது. அறிதுயிலுக்கு உட்படும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். மக்களில் சிறு பகுதியினர் மிக எளிதில் உட்படுவர். சிறு பகுதியினர் ஏறத்தாழ உட்படுவதே இல்லை. பெரும்பான்மையோர் இவ்விரு நிலைகளுக்கும் இடையில் உள்ளனர். இவ்வியல்பை அளப்பதற்கு 1959 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் அளவுகோல் உருவாக்கப்பட்டது.

வரலாறு

18 ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், உயிரினக் காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாகக் கூறினார். 1784 ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின், லவாய்சியர் முதலியோர் இடம்பெற்ற பிரெஞ்சு அரச ஆணைக்குழு இதனைச் சோதித்து, அத்தகைய காந்த ஆற்றல் எதுவும் இல்லை எனவும், காணப்பட்ட விளைவுகள் கற்பனையால் ஏற்பட்டவை எனவும் முடிவு செய்தது. 1840களில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் இதனைக் காந்தக் கொள்கையிலிருந்து பிரித்து, ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரவச் செய்தார்.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1845 ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஹூக்ளியில், நோயாளிகளை மெஸ்மர் முறையில் மயங்கச் செய்து அறுவை சிகிச்சைகளை மேற்கொண்டார். 1846 இல் கல்கத்தாவில் இதற்கெனத் தனி மருத்துவமனை ஒன்று அவர் பொறுப்பில் அமைந்தது. அதே காலத்தில் ஈதர், குளோரோபாம் ஆகிய மயக்க மருந்துகள் அறிமுகமாயின. அவை பெரும்பாலான நோயாளிகளிடம் விரைவாகவும் உறுதியாகவும் செயல்பட்டமையால் எஸ்டெயிலின் முறை கைவிடப்பட்டது.

கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் (1898–1978), பேய் பிடித்தவர்களாகக் கருதப்பட்டோரின் மனநலச் சிக்கல்களைத் தீர்க்க இலங்கையில் அறிதுயிலைப் பயன்படுத்தினார். அறிதுயிலில் மாய ஆற்றல் எதுவும் இல்லை என்பதை அவர் வலியுறுத்தி வந்தார்.

புகைப்பழக்கத்தை நிறுத்துவதற்கான ஒரே அமர்வு முறையை அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகல் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று கையாளப்படும் முறைகள் பலவற்றுக்கு இது முன்மாதிரியாக அமைந்தது.

சிகிச்சை முறை

சிகிச்சை பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டிருக்கும்.

1. நேர்காணல்: புகைக்கும் அளவு, வேளை, முந்தைய முயற்சிகள், நிறுத்த விரும்பும் காரணம் ஆகியவை கேட்டறியப்படுகின்றன.
2. தளர்வு: மூச்சைக் கவனித்தல், ஒரு புள்ளியை உற்று நோக்குதல் போன்றவற்றால் உடலும் மனமும் தளர்த்தப்படுகின்றன.
3. கருத்தேற்றம்: புகைத்தல் பற்றிய எண்ணத்தை மாற்றும் கருத்துகள் கூறப்படுகின்றன. ஸ்பீகலின் முறையில் இவை மூன்று: புகை உடலுக்கு நஞ்சு, வாழ்வதற்கு உடல் தேவை, ஆகவே உடலைப் பேணுவது தன் கடமை.
4. மீளல்: சிகிச்சை பெறுபவர் இயல்பு நிலைக்குக் கொண்டுவரப்படுகின்றார்.
5. தன் அறிதுயில்: புகைக்கும் ஆவல் எழும்போது அதே கருத்துகளைத் தாமே மனதில் நிறுத்தும் பயிற்சி கற்பிக்கப்படுகின்றது.

சிலர் புகையின் மேல் அருவருப்பை ஊட்டும் கருத்துகளையும் பயன்படுத்துகின்றனர். அமர்வுகளின் எண்ணிக்கையும் ஒன்று முதல் பல வரை வேறுபடுகின்றது. இவ்வாறு ஒரே சீரான முறை இல்லாமையால், ஓர் ஆய்வின் முடிவை மற்றொன்றுடன் ஒப்பிடுவது கடினமாகின்றது.

ஆய்வு முடிவுகள்

1992 ஆம் ஆண்டில் சொக்கலிங்கம் விசுவேசுவரன், பிராங்க் ஷ்மிட் ஆகியோர் 633 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அதில் அறிதுயிலின் சராசரி வெற்றி விழுக்காடு 36 என அமைந்தது. இவ்வெண் விளம்பரங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவதாகும். ஆனால் தொகுக்கப்பட்ட அறிதுயில் ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீட்டுக் குழு இல்லை. புகைப்பதை நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் கூறுவது மட்டுமே பல இடங்களில் சான்றாகக் கொள்ளப்பட்டது. சிகிச்சையை நாடி வருபவர் ஏற்கெனவே நிறுத்தும் விருப்பம் மிகுந்தவராக இருப்பார் என்பதால், ஒப்பீடு இல்லாத நிலையில் வெற்றிக்குக் காரணம் சிகிச்சையா, விருப்பமா எனப் பிரித்தறிய இயலாது.

1993 இல் டேவிட் ஸ்பீகல் குழுவினர் ஒரே அமர்வு முறையைப் பெற்ற 226 பேரைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். ஒரு வாரத்தின் முடிவில் 52 விழுக்காட்டினர் புகைக்காமல் இருந்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இது 23 விழுக்காடாகக் குறைந்தது. ஒரே சிகிச்சையின் வெற்றி அளவு, அதனை எப்போது கணக்கிடுகின்றோம் என்பதைப் பொறுத்துப் பாதிக்கும் கீழாக மாறுவதை இது காட்டுகின்றது.

2008 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வில் 286 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை தரப்பட்டது. ஒரு குழு அறிதுயிலும், மற்றது வழக்கமான ஆலோசனையும் பெற்றன. ஓராண்டு கழித்து, உறுதி செய்யப்பட்ட வெற்றி முறையே 20, 14 விழுக்காடுகளாக இருந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானது அன்று.

2019 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, 1,926 பேர் பங்கேற்ற 14 ஆய்வுகளை மதிப்பிட்டது. பிற ஆலோசனை முறைகளைவிடவோ, தாமாக நிறுத்துவதைவிடவோ அறிதுயில் மேலானது எனக் கூறச் சான்று போதாது என்பது அதன் முடிவு. பயன் இருப்பின் அது சிறிதாகவே இருக்கும் எனவும் அம்மீளாய்வு குறிப்பிட்டது. பயனற்றது என மெய்ப்பிக்கப்படவில்லை. பயனுள்ளது எனவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே இன்றைய நிலையாகும்.

இதற்கு மாறாக, நிக்கோட்டின் ஈடுசெய் சிகிச்சை (சூயிங்கம், ஒட்டுப்பட்டை), புப்ரோபியான், வரெனிக்ளின், சிட்டிசின் ஆகிய மருந்துகளையும், ஆலோசனையையும் உலக சுகாதார அமைப்பு 2024 இல் வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்துள்ளது. மருந்துகளை மருத்துவரின் அறிவுரைப்படியே பயன்படுத்துதல் வேண்டும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

2016–17 ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். 10.7 விழுக்காட்டினர் புகைப்பவர்கள். இவர்களுள் பீடி புகைப்போர் சிகரெட் புகைப்போரினும் மிகுதி. தமிழ்நாட்டில் புகையிலைப் பயன்பாடு 20 விழுக்காடாக இருந்தது. புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதனை நிறுத்தும் எண்ணம் உடையோராய் இருந்தனர்.

2003 நவம்பரில் இந்திய சுகாதார, குடும்பநல அமைச்சகம் வெளியிட்ட ஆணை, அறிதுயிலைத் தனியொரு மருத்துவ முறையாக அன்றி, ஒரு சிகிச்சை வழியாக ஏற்றது. பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ இதனைக் கையாளலாம் என அது கூறியது. எனவே சிகிச்சை அளிப்பவர் மனநல மருத்துவரா, பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா எனக் கேட்டறிதல் நன்று.

2002 ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் உதவியுடன் இந்தியாவில் 13 புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றுள் ஒன்றாகும். 2016 இல் தில்லியில் உள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் தேசிய புகையிலை நிறுத்தத் தொலைபேசிச் சேவை (1800-11-2356) கட்டணமின்றித் தொடங்கப்பட்டது. 2018 இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களுக்கு இச்சேவை விரிவாக்கப்பட்டதைத் தொடர்ந்து தமிழிலும் ஆலோசனை வழங்கப்படலாயிற்று. அதே ஆண்டு முதல் இவ்வெண் புகையிலைப் பொருட்களின் உறைகளிலும் அச்சிடப்பட்டு வருகின்றது. பெருநகர மருத்துவமனைகளுக்கு அடிக்கடி சென்றுவர இயலாதோருக்கு, எடுத்துக்காட்டாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் முறைப்பணித் தொழிலாளர்களுக்கும், ஆந்திர எல்லையை அடுத்த எளாவூர் சோதனைச்சாவடி வழியே செல்லும் சரக்குந்து ஓட்டுநர்களுக்கும், இத்தகைய தொலைபேசிச் சேவை ஏற்ற வழியாகும்.

பாதுகாப்பு

காக்ரேன் மீளாய்வில் அறிதுயிலால் தீங்கு நேர்வதற்கான சான்று காணப்படவில்லை. ஆயினும் பெரும்பாலான ஆய்வுகள் தீய விளைவுகளைப் பதிவு செய்யவே இல்லை. உளப்பிணி உடையவர்கள் மனநல மருத்துவரின் அறிவுரையின்றி அறிதுயிலுக்கு உட்படுதல் கூடாது.

சிகிச்சையால் அன்றி, அதைப் பற்றிய மிகை எதிர்பார்ப்பால் நேரும் இழப்பே பெரிது. ஒரே அமர்வில் உறுதியாக நிறுத்தலாம் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் செலுத்திய ஒருவர், சில நாட்களில் மீண்டும் புகைக்க நேரும்போது, தம்மால் இப்பழக்கத்தை விடவே இயலாது என்று முடிவு செய்துவிடக்கூடும். உண்மையில், புகைப்பதை நிறுத்தியோரில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிகளுக்குப் பின்னரே வெற்றி பெற்றுள்ளனர்.

தவறான கருத்துகள்

* அறிதுயிலில் ஒருவர் தன் விருப்பத்தை இழந்துவிடுவார் என்பது தவறு. நிறுத்த விரும்பாத ஒருவரை, குடும்பத்தாரின் வேண்டுகோளுக்காக அறிதுயிலால் நிறுத்தச் செய்ய இயலாது.
* அறிதுயிலிலிருந்து விழிக்க முடியாமல் போகும் என்பது தவறு. சிகிச்சை அளிப்பவர் விலகிச் சென்றாலும் ஒருவர் தாமாகவே இயல்பு நிலைக்குத் திரும்புவார்.
* மேடையில் காட்டப்படும் மனோவசியமும் சிகிச்சையும் ஒன்றே என்பது தவறு. மேடையில் எளிதில் உட்படுவோர் மட்டுமே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.
* அறிதுயில் பெற்றால் மருந்து கூடாது என்பது தவறு. மேற்கூறிய 2008 ஆம் ஆண்டு ஆய்வில் இரண்டும் சேர்த்தே வழங்கப்பட்டன.

இவற்றையும் பார்க்க

* அறிதுயில்
* புகைத்தல்
* நிக்கோட்டின்
* பீடி
* மருந்துப்போலி விளைவு