தலைநகருக்கு வெளியே பிறந்த தேசிய அரங்கம்

1922 ஜனவரி 25 அன்று எரெவானில் ஆர்மீனியாவின் முதல் அரசு நாடக அரங்கம் திறக்கப்பட்டது. மேடையேறிய நாடகம் கப்ரியேல் சுந்துக்கியானின் ‘பெப்போ’. ஆர்மீனிய தேசிய அரங்கின் பிறந்தநாளாக இதைக் கொள்வது வழக்கம். ஆனால் அன்று ஆடப்பட்ட நாடகமே அந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. ‘பெப்போ’ அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1871இல், இன்று ஜார்ஜியாவின் தலைநகராக இருக்கும் திஃப்லிஸில் அரங்கேறிவிட்டது. சுந்துக்கியான் பிறந்ததும் எழுதியதும் 1912இல் மறைந்ததும் அந்நகரில்தான். அவருடைய பாத்திரங்கள் பேசுவது திஃப்லிஸ் கடைத்தெருவின் ஆர்மீனிய வழக்கு. எரெவான்வாசிகளின் பேச்சு வேறு. ஆகவே எரெவான் தேசிய அரங்கைத் தோற்றுவிக்கவில்லை, வெளியூர்களில் வளர்ந்து முதிர்ந்ததைத் தன் கூரையின்கீழ்ச் சேர்த்துக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நேர் எதிரான வாதமும் உண்டு. சோவியத் அறிஞர் கோயான் 1952இல் வெளியிட்ட நூல், ஆர்மீனிய அரங்குக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று தலைப்பிலேயே அறிவித்தது. அதற்கு ஆதாரம் புளூட்டார்க். கி.மு. 53இல் ஆர்மீனியத் தலைநகர் அர்த்தாஷாத்தின் அரசவையில் யூரிப்பிடிஸின் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, போரில் மாண்ட ரோமானியத் தளபதி கிராசஸின் தலை உள்ளே கொண்டுவரப்பட்டதாம். நடிகன் ஒருவன் அதையே கையிலேந்தி ஆடினானாம். மன்னன் அர்த்தவாஸ்த் தானே சோக நாடகங்கள் இயற்றியவன் என்றும் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். சுவையான செய்திதான். ஆனால் நாடகம் கிரேக்கம், நடிகன் திராலஸிலிருந்து வந்த கிரேக்கன், பார்வையாளர்கள் அரசவையினர். இந்த மேடையிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை தொடர்ச்சியான தொழில்முறை மரபு ஒன்றைக் காட்ட முடியாது. பழமையைப் பெருமையாகக் கொண்டாடலாம். வம்சாவளியாகக் காட்டக் கூடாது.

மெய்யான வம்சாவளி கான்ஸ்டான்டிநோப்பிளில் தொடங்குகிறது. அங்கே 1861இல் ‘கீழைத்தேய அரங்கம்’ ஆர்மீனிய மொழியில் தொழில்முறையாக நாடகம் நடத்தத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் ஹாகோப் வார்தோவியான் என்ற ஆர்மீனியர் (துருக்கியருக்கு அவர் குல்லு அகோப்) துருக்கி மொழியில் நாடகம் போடும் தனியுரிமையை 1870இல் பத்தாண்டுகளுக்கு ஒட்டோமான் அரசிடம் பெற்றார். துருக்கிய தேசபக்தி இலக்கியத்தின் முதல் பேரலையான நமிக் கெமாலின் ‘தாயகம் அல்லது சிலிஸ்திரே’ 1873இல் மேடையேறியது இவருடைய அரங்கில்தான். முஸ்லிம் பெண்கள் மேடையேற முடியாத காலம் அது. பெண் வேடங்களை ஏற்றவர்கள் ஆர்மீனிய நடிகைகள். தனக்கென ஓர் அரசு இல்லாத இனம், ஆளும் இனத்துக்கு அதன் தாயக நாடகத்தை நடித்துக் கொடுத்தது. அரங்க வரலாற்றில் இதைவிடக் கூர்மையான முரண் அரிது. துருக்கிய வரலாறும் ஆர்மீனிய வரலாறும் இதை உரிய அழுத்தத்துடன் சொல்வதில்லை.

திஃப்லிஸ் வேறு வகை நிலம். அங்கே பணமும் ஆர்மீனியரிடம், பசியும் ஆர்மீனியரிடம். ‘பெப்போ’வில் மீனவன் பெப்போவின் குடும்பத்துக்குத் தரவேண்டிய கடனை வணிகன் சிம்சிமோவ் இல்லையென்று சாதிக்கிறான். காணாமற்போன கடன் பத்திரம் கிடைத்ததும் ஓசையின்றிப் பணம் கொடுத்து முடிக்கப் பார்க்கிறான், பெப்போ மறுக்கிறான். வில்லனும் நாயகனும் ஒரே இனம், ஒரே ஊர். பண்டைய மன்னர்களை மேடையேற்றிய கான்ஸ்டான்டிநோப்பிள் சோக நாடகங்கள் தேசத்தைக் கனவு கண்டன. சுந்துக்கியான் அதைக் கணக்குக் கேட்டார். என் மதிப்பீட்டில் தேசிய நாடகம் என்ற பெயருக்கு இரண்டாவதே தகுதியானது.

இரு நகரங்களுக்கும் இடையே நடிகர்கள் பாலமாக இருந்தனர். கான்ஸ்டான்டிநோப்பிளில் பிறந்த பெத்ரோஸ் அதாமியான் ஹாம்லெட்டாகப் புகழின் உச்சிக்குப் போனது காக்கசஸில். கான்ஸ்டான்டிநோப்பிளிலேயே பிறந்த சிரானுஷ், பெண்ணாக இருந்தும் ஹாம்லெட் வேடமேற்றார். 1932இல் கெய்ரோவில் மறைந்தார். ஷேக்ஸ்பியரை ஆர்மீனியத்துக்குக் கொண்டுவந்த ஹோவ்ஹன்னஸ் மசேஹியான் ஈரானின் தூதராக இருந்தவர். இப்படி வெளியூர்களில் வளர்வது அரங்குக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆர்மீனியத்தின் முதல் அச்சு நூல் 1512இல் வெனிஸில் வந்தது; முதல் இதழான ‘அஸ்தரார்’ 1794இல் நம் சென்னையில் அச்சானது.

1915இன் ஆர்மீனிய இனப்படுகொலை இந்த வரைபடத்தையே கிழித்துப்போட்டது. கான்ஸ்டான்டிநோப்பிளில் கைதாகிக் கொல்லப்பட்ட அறிவாளர்களுள் ஏனோவ்க் ஷாஹென் என்ற நடிகரும் ஒருவர். தப்பியவர்களில் சிலர் புதிய சோவியத் தலைநகரான எரெவானுக்கு வந்தனர். ஒதெல்லோவாக உலகறிந்த வஹ்ராம் பாப்பாசியான் கான்ஸ்டான்டிநோப்பிளில் பிறந்தவர். ஹ்ராசியா நெர்சிசியானும் ஒட்டோமான் மண்ணிலிருந்து வந்தவர். 1935இல் ஹாமோ பெக்நஸாரியான் ‘பெப்போ’வை ஆர்மீனியாவின் முதல் பேசும்படமாக எடுத்தபோது அந்த மீனவனாக நடித்தவர் நெர்சிசியான், இசை அராம் கச்சாத்தூரியான். இப்படி அகதி ஒருவரின் முகமே பெப்போவின் முகமாக மக்கள் மனத்தில் பதிந்தது.

சோவியத் அரசு கொடுத்தது கொஞ்சமில்லை: நிலையான சம்பளம், கட்டடம், வார்தான் அஜெமியான் போன்ற இயக்குநர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே குழுவோடு உழைக்கும் வாய்ப்பு. பறித்ததும் கொஞ்சமில்லை. அரங்குக்குச் சுந்துக்கியான் பெயர் சூட்டப்பட்ட அதே 1937இல்தான் கவிஞர் சாரென்ட்ஸ் சிறையில் இறந்தார், எழுத்தாளர் பகுன்ட்ஸ் சுடப்பட்டார். கடன்காரப் பணக்காரனை எதிர்க்கும் ஏழை மீனவன் அரசின் வர்க்கப் பாடத்துக்கு வசதியாகப் பொருந்தினான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே ஆர்மீனிய தேசிய அரங்கின் வரலாற்றை எழுதுவோர் 1861ஐயும் 1871ஐயும் முன்னுரையில் ஒதுக்காமல் முதல் இரண்டு அத்தியாயங்களாக வைக்க வேண்டும். 1922க்கு உரிய இடம் மூன்றாவது அத்தியாயம்.